தர்மபுரி, கிருஷ்ணகிரியில் வருடம் முழுக்க வானத்தில் எதை, எந்த இரவில் பார்க்கலாம்?

உங்கள் கேள்வி இதுதான்: பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் வானவியல் மன்றம் தொடங்குகிறீர்கள். தொலைநோக்கி கிடையாது. வெறும் கண்ணால் மாணவர்களுக்கு எந்த மாதம் எதைக் காட்டலாம் என்று ஒரு பட்டியல் வேண்டும். இணையத்தில் கிடைத்த பட்டியலை நம்பி ஆகஸ்டில் விண்கல் மழை பார்க்க மாடியேறியவர்களுக்கு மேகம்தான் கிடைத்தது. கூடவே இரண்டு சந்தேகங்கள்: காலண்டரில் போட்ட பௌர்ணமியும் கண்ணுக்குத் தெரியும் முழுநிலவும் சில மாதம் ஏன் ஒரு நாள் இடிக்கின்றன? தைப்பிறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பெரியவர்கள் மழை சொல்கிறார்களே, அதில் ஏதாவது உண்டா? தேதிப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் அடுத்த வருடமே அது பாதி செல்லாமல் போய்விடும். ஒவ்வொரு வருடமும் நீங்களே பட்டியல் போட்டுக்கொள்ளும் வழியைச் சொல்வதுதான் உதவும்.

மூன்று கணக்குகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது சூரியக் கணக்கு. நட்சத்திரங்கள், விண்கல் மழைகள், நிழலில்லா நாள் எல்லாம் இதில் வரும். இவை வருடா வருடம் அதே தேதியில், அதிகம் போனால் ஒரு நாள் முன்பின்னாக வரும். ஒருமுறை எழுதி வைத்தால் போதும். இரண்டாவது நிலாக் கணக்கு. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்தது சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு முறை சுற்றினால் 354 நாள்தான் ஆகும் என்பதால் வருடத்துக்கு 11 நாள் முன்னே நகரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தெலுங்கு, கன்னட வீடுகளில் யுகாதி 2025-ல் மார்ச் 30, 2026-ல் மார்ச் 19, 2027-ல் ஏப்ரல் 7. முதலில் 11 நாள் முன்னே வந்தது, 2026 மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை நிலாக் கணக்கைச் சூரியக் கணக்கோடு சேர்க்கப் போடும் ஒரு கூடுதல் மாதம் (அதிக மாதம்) புகுந்ததால் பிறகு 19 நாள் பின்னே போனது. அதே ஊரில் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14-ஐ விட்டு அதிகம் அசைவதில்லை. இரண்டு கணக்கும் ஒரே தெருவில் நடக்கின்றன. மூன்றாவது மேகக் கணக்கு. வெளிநாட்டுப் பட்டியல்கள் நம் ஊரில் தோற்பது இங்கேதான்.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவாக இருந்தாலும் மேற்கிலிருந்து மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். செப்டம்பர், அக்டோபர் இரவுகளில் இடிமழை. நவம்பரில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் ஒரு வாரம் வானமே தெரியாது. டிசம்பர் நடுவில் இடைவெளிகள் கிடைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம்பி நாள் குறிக்கக்கூடிய காலம். ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் கோடை இடி வரும், ஆனால் விடியற்காலை பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆகவே பள்ளி நிகழ்ச்சியின் முக்கால் பங்கை ஜனவரி–மார்ச்சில் வையுங்கள். மற்ற மாதங்களில் ஒரே இரவை நம்பாமல் மூன்று இரவுகளை ஒதுக்கி வையுங்கள். எந்தக் கணிப்பும் வானத்தில் பொருள் எங்கே இருக்கும் என்பதை நிமிடத் துல்லியமாகச் சொல்லும், அன்று மேகம் இருக்குமா என்பதைச் சொல்லாது.

நிலாக் கணக்கில் நடைமுறைக்கு வேண்டியது கொஞ்சம்தான். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும், மறையும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் உதிப்பது, தேய்பிறை பஞ்சமியில் இரவு பத்து மணி வாக்கில், அஷ்டமியில் நள்ளிரவு வாக்கில் உதிக்கும். இதிலிருந்து இருட்டு எப்போது கிடைக்கும் என்று போட்டுவிடலாம். இரவு ஏழரை முதல் ஒன்பதரை வரை நட்சத்திரம் பார்க்க, தேய்பிறை பஞ்சமியிலிருந்து வளர்பிறை திரிதியை வரை. விடியற்காலை மூன்றரை மணிக்குப் பார்க்க, அமாவாசையிலிருந்து வளர்பிறை ஏகாதசி வரை, ஏனென்றால் அந்த நாட்களில் நிலா அதற்குள் மறைந்துவிடும். பலர் அமாவாசை ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொண்டு, அன்று மேகம் வந்தால் அந்த மாதத்தையே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இரவுகள் பயன்படும். நிலா உதயம் பார்க்கக் கூட்டிப்போனால் கிழக்கே கரடு (சிறு குன்று) இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கையை முன்னே நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அரை முஷ்டி உயரக் கரடு நிலாவை இருபது நிமிடம் தாமதப்படுத்தும். செயலி சொன்ன நேரத்தில் நிலா வரவில்லை என்று பிள்ளைகள் குழம்புவதற்கு இதுவே காரணம், கணிப்பில் தவறு இல்லை.

இனி பௌர்ணமி இடிப்பது. காலண்டர் காட்டுவது திதி. சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையில் உள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. நிலாவின் வேகம் மாறுவதால் ஒரு திதி ஏறத்தாழ 20 மணியும் ஆகலாம், 26 மணிக்கு மேலும் போகலாம். பௌர்ணமித் திதி என்பது கோணம் 168-லிருந்து 180 பாகை வரும் வரை. அதாவது நிலா முழுமையடையும் நொடியில் பௌர்ணமித் திதி முடிகிறது. 2026 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். முழுமையடைவது 24-ம் தேதி வியாழக்கிழமை காலை 7 மணியை ஒட்டி. அன்று சூரியன் உதிக்கும்போது பௌர்ணமித் திதி இன்னும் சில நிமிடங்கள் மிச்சம் இருப்பதால், உதயத் திதியைக் கொள்ளும் வழக்கப்படி வியாழன் பௌர்ணமி. ஆனால் புதன் இரவு முழுக்க வானத்தில் இருப்பதுதான் முழுமைக்கு நெருங்கிய நிலா. வியாழன் மாலை வருவது தேயத் தொடங்கிப் பதினோரு மணி நேரம் ஆன நிலா. இதைக் கண்ணாலேயே சோதிக்கலாம்: சூரியன் மறைவதற்கு முன்பே நிலா கிழக்கில் வந்துவிட்டால் முழுமை இனிமேல்தான், மறைந்த பிறகு வந்தால் முழுமை முடிந்துவிட்டது. வட்டம் முழுதாக இருக்கிறதா என்று கண்ணால் ஒரு நாள் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம், உதய நேரம் பொய் சொல்லாது. பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், இன்றைய வானியல் கணக்கைக் கொண்ட திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வேறுபாடு வருவதும் உண்டு. கோயில் காரியத்துக்கு உங்கள் ஊர் வழக்கம் எதுவோ அதைப் பின்பற்றுங்கள். வானத்தில் பார்ப்பதற்குத் திருக்கணிதத்தை வையுங்கள். கொல்கத்தாவில் உள்ள மத்திய அரசின் நிலை வானியல் மையம் வெளியிடும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் இந்த வகையைச் சேர்ந்தது.

தைப்பிறைச் சாய்வு பற்றி நீங்கள் கேட்டதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் பார்த்தது உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவுதான் நிற்கவில்லை. பிறையின் ஒளிரும் பக்கம் எப்போதும் மறைந்த சூரியனை நோக்கியே இருக்கும். சூரியன் போகும் பாதையை ஒட்டியே நிலாவும் போகிறது. அந்தப் பாதை மாலையில் மேற்கு அடிவானத்தோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பிறை சாயும். நம் அட்சரேகை சுமார் 12 பாகை. இங்கே ஜனவரி கடைசி முதல் மே கடைசி வரை மாலையில் அந்தப் பாதை ஏறக்குறைய செங்குத்து. அதனால் மாசி, பங்குனி, சித்திரையில் மூன்றாம் பிறை படகு போல மல்லாந்து கிடக்கும். செப்டம்பர் கடைசியில் பாதை தெற்கே சுமார் 36 பாகை சாய்ந்துவிடும். அப்போது மேற்கே பார்த்து நின்றால் வலக்கைப் பக்கமுள்ள வடகொம்பு நன்றாக உயர்ந்து தெரியும். இது எல்லா வருடமும் இப்படித்தான். பஞ்சம் வந்த வருடத்திலும் புரட்டாசிப் பிறை வடகொம்பு உயர்ந்துதான் நின்றது.

அப்படியானால் தைப்பிறை மட்டும் ஏன் ஒரு வருடம் ஒரு மாதிரியும் இன்னொரு வருடம் வேறு மாதிரியும் தெரிகிறது? தை மாதத்தில் அடிப்படைச் சாய்வு பூஜ்யத்தை ஒட்டிச் சில பாகைக்குள்தான். நிலாவின் பாதை சூரியப் பாதைக்கு 5 பாகை வரை விலகும் என்பதால் மூன்றாம் பிறையின் சாய்வை அது எட்டொன்பது பாகை வரை இப்படியோ அப்படியோ திருப்பும். புரட்டாசியில் 36 பாகைக்கு முன் இது தெரியாது, தையில் எந்தக் கொம்பு உயரம் என்பதையே இது தீர்மானித்துவிடும். இந்த விலகல் 18.6 வருடச் சுற்றில் மாறுவதால், பெரும்பாலும் ஒன்பது வருடம் போலச் சாய்வு ஒரு பக்கமாகவும் அடுத்த ஒன்பது வருடம் மறு பக்கமாகவும் இருக்கும். தர்மபுரியில் மழை ஒன்பது வருடக் கட்டாக வந்து போவதில்லை. ஆகவே சாய்வு உண்மை, அதன் காரணம் உறுதி, மழையோடு முடிச்சுப் போட ஆதாரம் இல்லை. மாணவர்கள் ஒவ்வொரு மாதமும் மூன்றாம் பிறையை ஒரே இடத்தில் நின்று, அடிவானக் கோட்டோடு சேர்த்து நோட்டில் வரைந்து வந்தால், பத்து மாதத்தில் இந்த முழு விஷயமும் அவர்கள் கையிலேயே இருக்கும். மன்றத்துக்கு இதைவிடச் செலவில்லாத, இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

நிலா உச்சியில் எங்கே போகிறது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். டிசம்பர் கடைசியை ஒட்டிய பௌர்ணமி நள்ளிரவில் நம் தலைக்கு மேலே உச்சியையும் தாண்டி வடக்கே நிற்கும், நம் நிழல் தெற்கே விழும். ஜூன் பௌர்ணமி தெற்கே 50 முதல் 60 பாகை உயரத்தோடு நின்றுவிடும், நிழல் வடக்கே நீளும். 2024, 2025 ஆண்டுகளில் இந்த வித்தியாசம் அதன் 18.6 வருடச் சுற்றின் உச்சத்தில் இருந்தது, 2034 வாக்கில் மிகக் குறையும்.

சூரியக் கணக்கில் முதல் இடம் நிழலில்லா நாளுக்கு. வருடத்தில் இரண்டு நாள் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். தர்மபுரி நகரை ஒட்டி ஏப்ரல் 22, ஆகஸ்ட் 21. கிருஷ்ணகிரிக்கு ஏப்ரல் 23, ஆகஸ்ட் 20. ஓசூருக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 19. நேரம் பன்னிரண்டு மணி அல்ல. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. நாம் 78.2-ல் இருக்கிறோம், பாகைக்கு நாலு நிமிடம் வீதம் 17 நிமிடம் பின்தங்குகிறோம். அதோடு அந்தந்த நாளின் சிறு திருத்தம் சேர்ந்தால் ஏப்ரலில் 12.16, ஆகஸ்டில் 12.20. பன்னிரண்டு மணிக்கே பார்த்துவிட்டு நிழல் இருக்கிறதே என்று கலைந்துபோவதுதான் பல பள்ளிகளில் நடக்கும் தவறு. ஏப்ரலில் அந்த நேரத்தில் ஒரு மீட்டர் குழாய்க்கு ஏழு சென்டிமீட்டர் நிழல் இருக்கத்தான் செய்யும்.

இரண்டங்குல பி.வி.சி. குழாய் ஒரு மீட்டர் போதும். தரையை ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள், குழாயைத் தூக்குக்குண்டு பிடித்து இரண்டு பக்கமும் நேர் பாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே 17 மில்லிமீட்டர் நிழல் வந்துவிடும், அது மூன்று நாள் தேதிப் பிழைக்குச் சமம். ஏனென்றால் தேதி ஒரு நாள் தள்ளினால் மாறுவது ஆறு மில்லிமீட்டர்தான். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை பாகை அகலமுள்ள வட்டம், ஆகவே ஒரு மீட்டரில் நிழலின் ஓரம் ஒன்பது மில்லிமீட்டர் வரை மங்கும். இதன் பொருள்: முந்தைய நாளோ அடுத்த நாளோ பார்த்தாலும் ஏறக்குறைய அதே காட்சிதான். 11.45 முதல் 12.50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைச் சாக்பீஸால் குறித்து வரச் சொல்லுங்கள், புள்ளிகளைச் சேர்த்தால் கிழக்கு–மேற்குக் கோடு கிடைத்துவிடும். ஏப்ரல் நாள் வெயிலுக்கு உறுதி, ஆனால் பரீட்சையும் விடுமுறையும் குறுக்கே வரும். ஆகஸ்ட் நாள் பள்ளி நடக்கும் காலம், ஆனால் மேகம். ஆகஸ்ட் 19 முதல் 23 வரை குழாயை எடுக்காமல் வைத்திருங்கள், வெயில் விழும் நாளில் பாருங்கள்.

நட்சத்திரங்களில் நம் ஊருக்கென்றே உள்ள வசதி, வடதுருவ நட்சத்திரமும் திரிசங்கும் (தென்சிலுவைக் கூட்டம்) இரண்டும் தெரிவது. துருவ நட்சத்திரம் வடக்கே 12 பாகை, ஒரு முஷ்டிக்குச் சற்று மேல். வடக்கே மலை இருந்தால் கிடைக்காது. திரிசங்கு மே முதல் பாதியில் இரவு ஒன்பது மணியைத் தாண்டி நேர் தெற்கே நிற்கும். அதன் அடி நட்சத்திரம் 15 பாகை, தலை 21 பாகை. அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) பிப்ரவரி 10 வாக்கில் இரவு 9.15 மணிக்கு நேர் தெற்கே, இரண்டரை முஷ்டி உயரத்தில். கார்த்திகைக் கூட்டம் நவம்பர் நடுவில் சூரியன் மறையும்போது கிழக்கே எழும், மே மாதத்தில் சூரியனோடு சேர்ந்து காணாமல் போகும், ஆனியில் விடியலுக்கு முன் திரும்பித் தெரியும். கார்த்திகைப் பௌர்ணமியில் நிலாவே பக்கத்தில் வந்து நிற்பதால் கூட்டத்தைக் காட்ட அந்த இரவு ஏற்றதல்ல, ஒரு வாரம் கழித்து மாலையில் காட்டுங்கள்.

பால்வீதியின் நடுப்பகுதியைப் பார்க்க ஜூன்–ஆகஸ்ட் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். நமக்கு அது மேகக் காலம். மார்ச், ஏப்ரலில் அமாவாசையை ஒட்டி விடியற்காலை மூன்றரை முதல் ஐந்து மணி வரை தென்கிழக்கில் பாருங்கள். கிருஷ்ணகிரியோடு ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரின் ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் தொடங்கிய அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி பார்ப்பதும் நம் தலைக்கு மேலுள்ள இதே வானத்தைத்தான்.

விண்கல் மழையில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் ஜெமினிட், டிசம்பர் 13, 14 இரவுகள். விண்கற்கள் கிளம்புவதுபோல் தோன்றும் மையமான மிதுன ராசிப் பகுதி இரவு இரண்டு மணிக்கு நமக்கு ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். 2026-ல் அமாவாசை டிசம்பர் 9, ஆகவே நள்ளிரவுக்கு முன்பே நிலா மறைந்துவிடும், அருமையான வருடம். 2027-ல் டிசம்பர் 13 அன்றே பௌர்ணமி, அந்த வருடம் பெரியவை மட்டும்தான் தெரியும். மணிக்கு 120, 150 என்று எழுதுவது கறுத்த வானமும் உச்சியில் இருக்கும் மையமும் கொண்ட கற்பனைக் கணக்கு. கிராமத்து மொட்டை மாடியில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல இரவு. ஆகஸ்ட் 12–13 பெர்சீட்டில் நமக்கு இரண்டு குறை: மேகம் ஒன்று, அதன் மையம் வடக்கே தாழ்ந்திருப்பது இன்னொன்று. மே 5–6 விடியற்காலையில் வரும் ஈட்டா அக்வாரிட் நம் அட்சரேகைக்கு அதைவிடப் பொருந்தும். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுப்போன துகள் அது. 2027-ல் மே 6 அமாவாசையும் கூட. எதுவாக இருந்தாலும் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்து, செல்போனை அணைத்துவிட்டு அரை மணி கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். நடுவில் ஒருவர் செல்போனைத் திறந்தால் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் அந்த அரை மணி வீண். டிசம்பரில் ஓசூர், தளி மேட்டுப்பகுதியில் விடியலை ஒட்டி மூடுபனி இறங்கும் என்பதால் நள்ளிரவு முதல் மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பெருநிலவு என்று செய்தித்தாளில் வருவதற்காக நிகழ்ச்சி வைக்க வேண்டாம். மிக அருகில் வரும் முழுநிலவுக்கும் மிகத் தொலைவில் இருப்பதற்கும் அகலத்தில் 14 சதவீதம்தான் வித்தியாசம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத கண்ணுக்கு அது தெரியாது. கிரகணத்துக்குத்தான் நாள் குறிக்க வேண்டும். 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம், சுமார் 9.45 முதல் 11 மணி வரை நிலா முழுதும் நிழலுக்குள் இருக்கும், நமக்கு வானத்தில் நன்றாக உயர்ந்திருக்கும். சந்திர கிரகணத்தை எந்தக் கண்ணாடியும் இல்லாமல் பார்க்கலாம். சூரிய கிரகணத்துக்கு எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் கூடாது. அவை வெளிச்சத்தைக் குறைக்கும், கண்ணைச் சுடும் கதிரை நிறுத்தாது. அட்டையில் குண்டூசித் துளை போட்டு நிழலில் விழும் பிம்பத்தைக் காட்டுங்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. அஞ்செட்டி, ஒகேனக்கல் காட்டுப்பகுதி இருட்டு என்று பிள்ளைகளை இரவில் அங்கே கூட்டிப்போகாதீர்கள், அது யானைகள் நடமாடும் இடம், வனத்துறை அனுமதியும் இல்லாமல் நுழைய முடியாது. நெடுஞ்சாலையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி, தெற்கும் கிழக்கும் திறந்திருக்கும் ஒரு பள்ளி மாடி போதும். ஊராட்சியில் சொல்லி அந்த ஒரு தெருவிளக்கை இரண்டு மணி நேரம் அணைக்கச் சொல்வது, இருபது கிலோமீட்டர் பயணத்தைவிட அதிகம் பலன் தரும்.